அஷ்டமி நவமியில் சுறா பார்க்கப் போனோம்

தேதியைச் சொன்னதும் அம்மா பஞ்சாங்கத்தைப் புரட்டினார். சனி அஷ்டமி, ஞாயிறு நவமி. "நல்ல காரியத்துக்கே இந்த நாள்ல கெளம்ப மாட்டாக. நீ சுறா வாயைப் பாக்கப் போறியாக்கும்" என்றார்.

அந்த நாளைத் தேடிப் பிடித்ததே நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் அதிகம். தண்ணீர் வேகமாக ஓடி அடிமணலைக் கிளறிவிடும். பாதி நிலா நாட்களில் ஓட்டம் தணியும். அதாவது அஷ்டமியும் அதற்கடுத்த ஓரிரு நாட்களும் முக்குளிக்கத் தோதானவை. ராமேஸ்வரத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அமாவாசை என்றால் தர்ப்பணக் கூட்டம், ரூம் கிடைக்காது, பாம்பன் பாலத்தில் வண்டி நகராது. பஞ்சாங்கம் வேண்டாம் என்று தள்ளுகிற நாள்தான் எங்களுக்கு லாபம்.

மாதமும் முக்கியம். ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே இருப்பது பெண் கடல், தெற்கே இருப்பது ஆண் கடல் என்பார்கள். வாடைக்காற்றில் வடக்கு கொந்தளிக்கும், கச்சான் காற்று எழும்பினால் தெற்கு. ஐப்பசி, கார்த்திகையில் போனால் மழையில் நனைந்துவிட்டு வரலாம். நாங்கள் போனது மாசி முடிந்து பங்குனி பிறக்கும் சமயம். இரண்டு கடலும் ஓரளவு அடங்கியிருக்கும் இடைவெளி அது.

ஒன்பது பேர் சேர்ந்தோம். நான், கணவர், கொழுந்தன், சித்தி மகள், அவளுடைய அலுவலக நண்பர்கள் மூவர், என் தாய்மாமா, அவருடைய மகன். இதில் தங்கச்சியும் அவள் நண்பர்கள் இருவரும் ஏற்கெனவே அந்தமானில் ஸ்கூபா (சிலிண்டர் காற்றோடு முக்குளிப்பது) படித்து, 18 மீட்டர் வரை இறங்கச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள். மீதி ஆறு பேருக்கு அதுவரை அதிகபட்ச ஆழம் வைகைக் கரைக் கிணறுதான்.

சுறா யோசனை தங்கச்சியுடையது. ஒரு தடவை சுறாவை நேரில் பார்த்தவர்கள் அதைப் பற்றிப் பேசி ஓய மாட்டார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதலில் போன் செய்த ஆள் எல்லாவற்றுக்கும் "ஆமாங்க மேடம்" என்றார். சுறா கண்டிப்பாகத் தெரியுமா? ஆமாங்க மேடம். தீவுக்கே கூட்டிப் போவீங்களா? ஆமாங்க மேடம். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளும் சேர்ந்துதான் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. 1986-இல் அறிவித்தது. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்கக்கூடாது. அனுமதிச் சீட்டு யார் எடுப்பது என்று கேட்டேன். "அதெல்லாம் நம்ம ஆளுங்கதான் மேடம்." உடல்நிலை பற்றி ஒரு கேள்வி இல்லை. எத்தனை பேர் என்று கேட்டார், எவ்வளவு அட்வான்ஸ் என்று சொன்னார், அவ்வளவுதான்.

அடுத்த ஆள் எரிச்சலூட்டும் அளவுக்குக் கேள்வி கேட்டார். ஆஸ்துமா உண்டா, காதில் ஆபரேஷன் ஆகியிருக்கிறதா, நெஞ்சுவலி, வலிப்பு, கர்ப்பம், மாமாவின் வயது, மாமாவின் பிரஷர் மாத்திரையின் பெயர். படிவம் அனுப்பினார். அதில் ஒரு 'ஆமாம்' இருந்தாலும் டாக்டரிடம் கையெழுத்து வாங்கிவரச் சொன்னார். காற்று மாறினால் படகு எடுக்க மாட்டோம், அட்வான்ஸ் திருப்பித் தருவோம் என்றார். சுறா? "இருக்கு. தெரியுமான்னு சொல்ல முடியாது" என்றார். அவரிடமே பணம் கட்டினோம். படகில் அவசர முதலுதவிக்கு ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா என்று நான் ஒரு கேள்வி கேட்டேன். அவர் சற்று மரியாதையாகப் பேசத் தொடங்கியது அதன் பிறகுதான்.

கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. பெண்கள் இதைப் படித்தால் முதல் வேலையாக அதைக் கேளுங்கள்: கழிப்பறை எங்கே, உடை மாற்றுவது எங்கே? எங்கள் படகு சாதாரண ஃபைபர் படகு, மறைவு என்று ஒன்று கிடையாது. கரையில் ஓலைத் தடுப்புக்குள் நானும் தங்கச்சியும் ஒருவருக்கொருவர் துண்டு பிடித்துத்தான் மாற்றினோம். இது தெரிந்து, போகவேண்டி வருமே என்று நான் காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை. பெரிய தப்பு. உடம்பில் நீர் வற்றினால் குமட்டல், தலைவலி. முக்குளித்து ஏறிய பிறகு ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவதும் சிக்கலாகும். மதியம் மண்டை பிளந்தது. மறுநாள் வீட்டிலிருந்தே லெகிங்ஸும் முழுக்கை டீஷர்ட்டும் போட்டுக்கொண்டு, அதன் மேலேயே வெட்சூட்டை, அதாவது முக்குளிக்கப் போடும் ரப்பர் உடையை, ஏற்றிக்கொண்டேன். தண்ணீரும் குடித்தேன். முடியை இறுகப் பின்னிவிடுங்கள். ஒரு கற்றை முடி மாஸ்க் ஓரத்தில் மாட்டினாலும் உள்ளே தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும்.

முடி என்றதும் மாமாவின் மீசைக்கு வந்தாக வேண்டும்.

மாமாவின் மீசை பரமக்குடி வட்டாரத்தில் அடையாளம். மாஸ்கின் சிலிக்கான் விளிம்பு மேலுதட்டுத் தோலில் ஒட்டி உட்கார வேண்டும். அங்கே மீசை இருந்தால் ஒட்டாது. இன்ஸ்ட்ரக்டர் பையன் தயங்கித் தயங்கி, "சார், மேல் ஓரத்துல மட்டும் கொஞ்சம் ட்ரிம் பண்ணிக்கிட்டா…" என்றான்.

"தம்பி, வேணும்னா கடலைக் கொஞ்சம் ட்ரிம் பண்ணிக்க."

கடைசியில் ஒரு டப்பா வாசலின் செலவானது. மீசை முழுக்கப் பூசி, மாஸ்கை அழுத்தி, மூக்குக்குக் கீழே தண்ணீர் கோத்தால் எப்படி மூக்கால் ஊதி வெளியேற்றுவது என்று இடுப்பளவுத் தண்ணீரில் இருபது முறை பழகினார். அந்த இருபது முறைதான் அவரைக் காப்பாற்றியது என்று பிறகு தோன்றியது. மீசை இல்லாத நாங்கள் மூன்று தடவையோடு "சரி, வந்துருச்சு" என்று எழுந்துவிட்டோம். ஆழத்தில் மாஸ்குக்குள் தண்ணீர் வந்தபோது பதறியது நாங்கள்தான், மாமா இல்லை.

சனிக்கிழமை காலை வடகரையில் ஒரு மீனவர் கிராமத்திலிருந்து புறப்பட்டோம். படகோட்டிப் பெரியவர் அந்தக் காலத்தில் கீழக்கரைப் பக்கம் சங்கு குளித்தவர். சிலிண்டர் இல்லாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு. அவரிடம் சுறா பயம் பற்றிக் கேட்டேன். "சுறாவுக்கு நம்மளைப் பாத்தாத்தாம்மா பயம். நான் பயந்தது சொறிக்கு" என்று முழங்கையில் பழைய தழும்பைக் காட்டினார். சொறி என்றால் ஜெல்லி மீன். வெயில் காலத்திலும் முழு வெட்சூட் போடச் சொல்வது அதற்காகவும்தான்.

முத்துக்குளித்த காலத்தில் இந்தக் கடலில் கடல்கட்டி என்று ஒருவர் இருந்தார். மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவது அவர் வேலை. அவர் வந்து கட்டினால்தான் ஆட்கள் இறங்குவார்கள். 13-ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த மார்கோ போலோ, முத்தில் இருபதில் ஒரு பங்கு இவர்களுக்குப் போகும் என்று எழுதி வைத்திருக்கிறார். இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: கட்டு பகலுக்கு மட்டும்தான், இரவில் அவிழ்த்துவிடுவார்களாம். இருட்டில் யாரும் திருட்டுத்தனமாக முத்து எடுத்துவிடக் கூடாதே! நான் இதைச் சொன்னதும் பெரியவர் சிரித்தார். "இப்ப கட்டுறதுக்குச் சுறா வேணுமே" என்றார்.

முதல் முக்குளிப்பு கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி இருந்தது. புதியவர்கள் ஆறு பேரையும் மூன்று மூன்று பேராக இரண்டு இன்ஸ்ட்ரக்டர்கள் இறக்கினார்கள். தங்கச்சி கூட்டம் தனியாக, ஆனால் அதே பாரில், அதாவது அதே கடலடிப் பாறைத் திட்டில். அடி மணல். ஒருவர் காலில் மாட்டிய துடுப்பை உதைத்தால் மற்றவர்களுக்குப் புழுதி. பத்து நிமிடத்தில் மோர் கலக்கிய மாதிரி ஆகிவிட்டது. என் கணவரின் துடுப்பு மூன்று முறை என் முகத்தில் பட்டது. மூன்றாவது தடவை வேண்டுமென்றே பட்டதோ என்று இன்றுவரை சந்தேகம்.

மாமாவுக்கு வேறு பிரச்சினை. கிளிஞ்சான் மீன் ஒன்று பாசி படிந்த கல்லைக் கடித்துக் கடித்துத் தின்பதைப் பார்த்து மெய்மறந்து, சூப்பர் என்று கட்டைவிரலை உயர்த்தினார். தண்ணீருக்கடியில் கட்டைவிரல் மேலே என்றால் 'நான் மேலே போகணும்' என்று அர்த்தம். இன்ஸ்ட்ரக்டர் உடனே அவரைப் பிடித்து மெல்ல மேலே கொண்டுபோனார். மேலே போய், விளக்கி, மறுபடி இறங்கி, அடுத்த மீனுக்கு மறுபடி கட்டைவிரல். நன்றாக இருக்கிறேன் என்பதற்குக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்க்க வேண்டும். ஏதோ சரியில்லை என்றால் உள்ளங்கையைக் கீழே பார்க்க விரித்து இரண்டு பக்கமும் ஆட்ட வேண்டும். இவற்றைப் படகில் ஏறிய பிறகு கேட்டுக்கொண்டால் போதாது. முதல் நாள் இரவே சாப்பாட்டு மேசையில் இதிலேயே பேசிப் பழகுங்கள். நாங்கள் சனிக்கிழமை இரவு அப்படித்தான் செய்தோம். சர்வர் பயந்துவிட்டார்.

சிரிக்க முடியாத விஷயம் கொழுந்தனுடையது. அவனுக்கு இரண்டு நாளாகச் சளி. சொன்னால் விட மாட்டார்கள் என்று மறைத்து, மூக்கடைப்புக்கு மாத்திரை போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அதிலும் முதல் சில மீட்டர்களில்தான் காது அதிகம் படுத்தும். மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதி, நடுக்காதுக்குக் காற்று அனுப்பிக்கொண்டே இறங்க வேண்டும். சளி இருந்தால் அந்த வழி அடைத்திருக்கும். நாலு மீட்டரில் அவனுக்கு நெற்றியில் கத்தி குத்துவது போல வலி. ஒன்பது பேர் முன்னால் எப்படித் திரும்புவது என்று இன்னும் ஒரு மீட்டர் போயிருக்கிறான். மேலே வந்தபோது மாஸ்குக்குள் ரத்தம்.

ஆபத்தாக ஒன்றும் ஆகவில்லை. ராமநாதபுரத்தில் டாக்டர் பார்த்துவிட்டு, சைனஸில் நுண்ணிய ரத்தக்குழாய் கசிந்திருக்கிறது, காதுச் சவ்வு தப்பித்தது, இனி சில வாரம் இறங்காதே என்றார். மாத்திரையின் வேகம் தண்ணீருக்கடியில் இருக்கும்போதே தீர்ந்துபோனால் மேலே ஏறுகையில் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும், அது இன்னும் மோசம் என்றும் சொன்னார். எனக்குக் கோபம் கொழுந்தன் மேல் மட்டுமில்லை. முந்தின வாரம் முழுக்க வாட்ஸ்அப் குழுவில் "பயந்தவன் படகுலயே உக்காரு" என்று கேலி செய்துகொண்டிருந்தது நாங்கள் எல்லோரும்தான். கூட்டமாகப் போகிறவர்கள் ஒன்று செய்யலாம்: இறங்க மாட்டேன் என்று யார் சொன்னாலும் காரணம் கேட்கக் கூடாது, பணமும் பொதுவில் கழிய வேண்டும். அன்று இரவே இதை ஒப்புக்கொண்டோம். ஒப்புக்கொண்டதும், இன்னும் இருவர் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை என்றார்கள். அவர்களுக்குச் சனிக்கிழமையே பிடிக்கவில்லையாம்.

அந்த இரவு பாம்பன் பக்கம் ஒரு மெஸ். பலகையில் சுறாப்புட்டு என்று எழுதியிருந்தது. தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமா இரண்டு சொன்னார். நான் கொஞ்ச நேரம் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகன் பிறந்தபோது அத்தை தினமும் பால் சுறா வாங்கிவருவார். அவித்து, அந்தச் சொரசொரப்புத் தோலை உரித்து, உதிர்த்து, பிழிந்து, நிறையப் பூண்டும் சின்ன வெங்காயமும் போட்டு வதக்கித் தருவார். பால் ஊறும் என்று எங்கள் வீட்டில் யாரும் சந்தேகப்பட்டதில்லை. மத்தியைப் போலக் கணக்கில்லாமல் முட்டையிட்டுப் பெருகும் மீன் இல்லை சுறா. ஒரு ஈட்டுக்குச் சில குட்டிகள்தான், அதுவும் வளர்ந்து பருவத்துக்கு வர வருடங்கள் ஆகும். திமிங்கலச் சுறா மாதிரி சிலவற்றைப் பிடிப்பது 2001 முதல் சட்டப்படி குற்றம். பால் சுறாவுக்கு அப்படித் தடை இல்லை. நான் அன்று ஆர்டர் செய்யவில்லை. ஆனால் மாமா தட்டிலிருந்து ஒரு கை எடுத்தேன், பொய் சொல்வானேன். அத்தை செய்ததுதான் நன்றாக இருக்கும்.

ஞாயிறு காலை ஆறரைக்கெல்லாம் படகில் இருந்தோம். எங்களில் தண்ணீரில் இறங்கியது நாலு பேர்: தங்கச்சியும் சான்றிதழ் வைத்திருந்த நண்பர் ஒருவரும் ஒரு ஜோடி, அவர்களுடன் ஒரு இன்ஸ்ட்ரக்டர். நானும் மாமாவும் இன்னொரு ஜோடி, எங்களுக்கு ஒருவர். இன்னொரு சான்றிதழ்க்கார நண்பருக்கு அன்று இரவு பெங்களூருக்கு விமானம். பல முறை முக்குளித்தவர்கள் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். டிக்கெட் போடும்போது அவர் அதை யோசிக்கவில்லை. படகில் உட்கார்ந்து எங்கள் குமிழிகளை எண்ணிக்கொண்டிருந்தார். வரவில்லை என்று சொன்ன இருவர் எங்கே என்றால், என் கணவரும் மாமா மகனும் அரியமான் கடற்கரையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆறு மீட்டர் ஆழம் இருக்கும். புழுதி இல்லை. முந்தின நாள் இதே பாரில் என்ன இருந்தது என்றே பார்க்காமல் போயிருக்கிறோம். கடற்புல் அசைந்தது. பவளத்தில் சில உயிரோடு பழுப்பாக, சில வெளிறி. இன்ஸ்ட்ரக்டர் கையை மடக்கி மார்போடு வைத்துக் காட்டினார்: எதையும் தொடாதே, உதைக்காதே, மூச்சாலேயே மிதந்து நில். மூச்சை இழுத்தால் உடம்பு சற்று மேலே எழும், விட்டால் தாழும். பிடித்து மட்டும் வைக்கக் கூடாது. நுரையீரலில் அடைத்த காற்று மேலே ஏறும்போது விரியும், கிழித்துவிடும். ஸ்கூபாவில் முதல் சட்டமே அதுதான்.

அவர் ஒரு தட்டைக் கல்லுக்கு அடியில் காட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பழுப்பாக ஒரு வால், விலாங்கு என்று நினைத்தேன். அவர் கையை நிமிர்த்தி நெற்றியில் செங்குத்தாக வைத்துக் காட்டினார். சுறா!

நீளம் என் கை அளவுகூட இல்லை. கல்லின் நிழலில் வயிறு மணலில் பட, அசையாமல் படுத்திருந்தது. இரவில் இரை தேடிவிட்டுப் பகலில் இப்படிச் சந்தில் ஒதுங்குகிற மூங்கில் சுறா. சுறா நீந்துவதை நிறுத்தினால் செத்துப்போகும் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொன்னதை நான் இத்தனை வருடம் நம்பியிருந்தேன். இது படுத்தபடியே வாயால் தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சி மூச்சுவிட்டது. தலைக்குப் பின்னால் ஐந்து கீறல்கள், ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து மூடுவது தெரிந்தது. தூங்குகிற குழந்தையின் வயிறு ஏறி இறங்குமே, அந்த வேகம்தான். கண் சின்னதாக, அரைத் தூக்கத்தில். மூக்குக்குக் கீழே இரண்டு பக்கமும் சதைத் தொங்கல், மீசை மாதிரியே.

நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். மாஸ்குக்குள் வாசலின் மின்ன அவரும் என்னைப் பார்த்தார். கட்டைவிரல் உயரப் போனது. பாதியில் நினைவு வந்து, கஷ்டப்பட்டு வட்டமாக்கினார்.

எவ்வளவு நேரம் அங்கே நின்றோம் என்று தெரியவில்லை. கடிகாரம் பன்னிரண்டு நிமிடம் என்றது. சிலிண்டரில் 200 பார் (அழுத்த அளவு) காற்றோடு இறங்கி 50 மிச்சமிருக்கும்போது படகில் இருக்க வேண்டும் என்பது கணக்கு. பதறாமல் நின்றதாலோ என்னவோ, முந்தின நாள் போல காற்றளவு காட்டும் முள் சரசரவென்று இறங்கவில்லை.

தங்கச்சி ஜோடி, துடுப்பு நுனி கறுத்த சுறா ஒன்று குறுக்கே போனது என்று சத்தியம் செய்கிறார்கள். நாலடி இருக்குமாம். பெரியவர் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, என் சுறாவைப் பற்றி மட்டும் சொன்னார்: "அது வலையில வந்தா எடுத்துத் தூரப் போட்டுருவோம்மா. அதையா பன்னெண்டு நிமிசம் பாத்தீக?"

திரும்பும் வழியில் ஒரு சண்டை. தங்கச்சியோடு முக்குளித்த நண்பர் ஞாயிறு மதியமே கொடைக்கானலுக்கு ரூம் போட்டிருந்தார். விமானத்துக்கு உள்ள விதி மலைக்கும் உண்டு. கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேலே, அங்கே காற்றழுத்தம் குறைவு. காலையில் முக்குளித்துவிட்டு மாலையில் மலை ஏறினால் உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் குமிழியாகும். மூட்டு வலியில் தொடங்கி எங்கே வேண்டுமானாலும் போய் முடியலாம். அவர் நம்பவில்லை. இன்ஸ்ட்ரக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தோம். கடைசியில் எங்கள் வீட்டு மாடியில் பாய் விரித்துப் படுத்து, திங்கள் மதியம் கிளம்பினார். ரூம் பணம் போனது. கடலையும் மலையையும் ஒரே வாரக் கடைசியில் வைக்க ஆசைப்பட்டால் மலையை முதலில் முடித்துவிடுங்கள்.

அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். தங்கச்சி கேமராவைக் கொடுத்து இன்ஸ்ட்ரக்டர் எடுத்தது. பழுப்புக் கல், பழுப்பு மணல், ஓரத்தில் மாமாவின் துடுப்பு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"சுறா எங்கடி?"

விரலை வைத்துக் காட்டினேன். பெரிதாக்கிக் காட்டினேன்.

"இதா? மீசையெல்லாம் இருக்கு" என்றார். "உங்க மாமனை மாதிரி."